மேசையில் இல்லாத கணிப்பொறி



2017-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள், வெள்ளிக்கிழமை. அன்று உலகின் பல நாடுகளில், அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் ஆலைகளிலும், கணிப்பொறித் திரைகளில் ஒரு சிவப்புக் கட்டம் தோன்றியது. ‘உங்கள் கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன, திறக்க வேண்டுமானால் பணம் செலுத்துங்கள்’ என்பது அதில் இருந்த செய்தியின் சாரம். ‘வான்னாகிரை’ என்று பெயர் பெற்ற இந்த வைரஸ், சுமார் 150 நாடுகளில் 2 இலட்சத்திற்கும் மேற்பட்ட கணிப்பொறிகளைத் தாக்கியது. பிரிட்டனில் பல மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்தில் உள்ள ரெனோ–நிஸ்ஸான் கார் ஆலையும் பாதிக்கப்பட்ட இடங்களுள் ஒன்று.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த நோய்க்கு மருந்து ஏற்கெனவே இருந்தது! வைரஸ் எந்த ஓட்டை வழியாக நுழைந்ததோ, அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஆனால் உலகெங்கும் எத்தனையோ கணிப்பொறிகளில் அது பொருத்தப்படாமலே இரண்டு மாதங்கள் கழிந்துவிட்டன.

ஏன் அப்படி? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூரில் வாகன உதிரி பாகங்கள் செய்யும் நடுத்தர ஆலை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அங்கே 100 மேசைக் கணிப்பொறிகள் உள்ளன. சில கணக்குப் பிரிவில், சில கிடங்கில், சில தரச் சோதனை அறையில், ஒன்று வாயிற்காவலர் அறையில். ஒவ்வொன்றின் முன்னும் ஒருவர் உட்கார்ந்து திருத்தத்தைப் பொருத்தி, சரிபார்க்க 20 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கும் சேர்த்து 2,000 நிமிடம். அதாவது 33 மணிக்கு மேல். ஒரே ஆள் செய்தால் நான்கு வேலை நாட்களுக்கும் கூடுதலாகிறது. அதற்குள் அடுத்த திருத்தம் வந்து நிற்கும்! நூறில் ஒன்று விட்டுப்போனாலும் போதும். வைரஸுக்கு அந்த ஒரு வாசலே தாராளம்.

இப்போது ஒரு கேள்வி எழுகிறது. இந்த 100 கணிப்பொறிகளும் 100 மேசைகளில்தான் இருக்க வேண்டுமா?

கிணறும் மேல்நிலைத் தொட்டியும்

முன்பெல்லாம் வீட்டுக்கு ஒரு கிணறு இருந்தது. இன்று பல ஊர்களில் மேல்நிலைத் தொட்டி ஒன்று இருக்கிறது. வீட்டில் குழாய் மட்டும் இருக்கிறது. குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. தண்ணீர் எங்கே சேமிக்கப்பட்டது, எந்த மோட்டார் அதை ஏற்றியது என்பது பற்றி நாம் கவலைப்படுவதில்லை.

கணிப்பொறியையும் இவ்வாறு பிரித்துப் பார்க்கலாம். மனிதனுக்கு அருகில் இருந்தே தீர வேண்டிய பகுதிகள் எவை? கண்ணுக்குத் திரை, விரல்களுக்கு விசைப்பலகையும் மவுசும். கணக்குப் போடும் செயலி, நினைவகம், கோப்புகளைச் சேமிக்கும் தட்டு ஆகியவை வேறோர் அறையில் இருக்கலாம். வேறோர் ஊரிலும் இருக்கலாம்.

அவ்வாறு அமைத்தால் மேசையில் மிஞ்சுவது கைக்கடக்கமான ஒரு சிறு பெட்டியே. இதை ‘தின் கிளையண்ட்’ என்கிறார்கள். நாம் மெலிந்த முனையம் எனலாம். தட்டிய எழுத்தை மையத்திற்கு அனுப்புவதும், மையம் அனுப்பும் படத்தைத் திரையில் காட்டுவதும்தான் அதன் வேலை. மையத்தில் ஆற்றல் மிக்க பெரிய கணிப்பொறி ஒன்றிரண்டு இருக்கும். இதனைச் ‘சர்வர்’ என்று அலுவலகங்களில் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

ஆனால் கணக்குப் பிரிவில் இருப்பவருக்குத் தம் கோப்புகள் தனியாக வேண்டும். கிடங்கில் இருப்பவருக்கு வேறு நிரல்கள் வேண்டும். ஒருவர் செய்யும் தவறு மற்றவரைப் பாதிக்கக் கூடாது. ஒரே பெரிய கணிப்பொறி எப்படி நூறு தனிக் கணிப்பொறிகளாக நடந்துகொள்ளும்?

மாய பிம்பம் போல

சமதள ஆடியின் முன் நில்லுங்கள். ஆடிக்குப் பின்னால் உங்கள் பிம்பம் தெரிகிறது. உண்மையில் அங்கிருந்து ஒளிக்கதிர் எதுவும் புறப்படுவதில்லை. புறப்படுவதுபோல் நம் கண்ணுக்குத் தோன்றுகிறது. ஆகவே அதை மாய பிம்பம் என்கிறோம். கண்ணுக்கு வந்து சேரும் கதிர்களைக் கொண்டு மட்டும் பார்த்தால், பொருளுக்கும் பிம்பத்திற்கும் வேறுபாடு காண இயலாது.

பெரிய கணிப்பொறிக்குள் உருவாக்கப்படும் தனிக் கணிப்பொறியும் இத்தகையதே. அதற்குள் ஓடும் நிரல், ‘எனக்கென்று ஒரு செயலி இருக்கிறது, நினைவகம் இருக்கிறது, தட்டு இருக்கிறது’ என்றே கொண்டு இயங்குகிறது. அந்தச் செயலியைத் தனியே எடுத்துக் கையில் காட்ட முடியாது. இதனால் இதை மெய்நிகர் கணிப்பொறி என்கிறோம். ஓர் முக்கிய வேறுபாடும் உண்டு. பிம்பத்தின் கையிலுள்ள எழுதுகோல் எழுதாது. மெய்நிகர் கணிப்பொறியோ போட்ட கணக்கை மெய்யாகவே போட்டு முடிக்கிறது!

இந்த வித்தையைச் செய்வது ‘ஹைப்பர்வைசர்’ என்னும் நிரல். ஒரு சதுரங்க வல்லுநர் ஒரே நேரத்தில் 20 பேருடன் ஆடும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பலகையில் காயை நகர்த்திவிட்டு அடுத்த பலகைக்குப் போகிறார். ஒரு சுற்று முடிந்து அவர் திரும்பி வரும்வரை, எதிரே இருப்பவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொருவருக்கும் தாம் அவருடன் முழு ஆட்டம் ஆடியதாகவே நினைவு. ஹைப்பர்வைசரும் செயலியின் நேரத்தை விநாடியில் நூற்றில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு என்று நறுக்கி, முறை வைத்து வழங்குகிறது. நினைவகத்தைப் பாத்தி கட்டிப் பிரிக்கிறது. ஒரு பாத்தியில் இருப்பது அடுத்த பாத்தியை எட்டிப் பார்க்க விடுவதில்லை.

எண்ணம் பழையது

இது நேற்றுத் தோன்றிய எண்ணம் அன்று. கணிப்பொறி ஒன்றின் விலை கோடிகளில் இருந்த காலத்தில், ஒரே பொறியைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டிய கட்டாயம் இருந்தது. அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம், 1960-களில் செய்த ஆய்வுகளின் பயனாக, ‘வி.எம்./370’ என்ற மெய்நிகர் பொறி அமைப்பை 1972-இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு, 1973-இல், அதே 370 வரிசையைச் சேர்ந்த 370/155 கணிப்பொறி சென்னை கிண்டியில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பட்டது. துளையிட்ட அட்டைக் கட்டுகளைக் கொடுத்துவிட்டு, விடைத்தாளுக்காகக் காத்திருந்த காலம் அது.

1974-இல் பாப்பெக், கோல்ட்பெர்க் என்ற இரு அறிஞர்கள், ஒரு கணிப்பொறியை மெய்நிகராக்க வேண்டுமானால் அதன் செயலி எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு விதிகள் வகுத்தனர். பின்னர் மேசைக் கணிப்பொறிகள் மலிந்தன. ஆளுக்கொரு பெட்டி கிடைத்ததும், பகிர்ந்துகொள்ளும் கலை சில காலம் பின்தள்ளப்பட்டது. மேசைக் கணிப்பொறிகளில் இருந்த இன்டெல் வகைச் செயலிகள் பாப்பெக்–கோல்ட்பெர்க் விதிகளுக்கு முழுதும் பொருந்தாதவை. அவற்றிலும் இதைச் செய்து காட்ட, 1998-இல் தொடங்கப்பட்ட வி.எம்.வேர் நிறுவனம் நிரல் வழியிலேயே ஒரு தந்திரம் கண்டது. 2005-இல் இன்டெல் நிறுவனம் செயலிக்குள்ளேயே அதற்கான வசதியை அமைக்கத் தொடங்கியது. பாதை தெளிவாயிற்று.

சென்னையிலும் ஒரு முயற்சி நடந்தது. நோவேடியம் என்ற நிறுவனம், 2000-ஐ அடுத்த பத்தாண்டில், ‘நெட் பி.சி.’ என்ற மலிவான முனையப் பெட்டியை உருவாக்கியது. ராஜேஷ் ஜெயின், சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா ஆகியோர் இதன் பின்னணியில் இருந்தனர். கணிப்பொறி வாங்க இயலாத குடும்பமும் கணிப்பொறியைப் பயன்படுத்த வேண்டும் என்பது நோக்கம். பெட்டி வீட்டில், கணிப்பு மையத்தில். ஆனால் குழாய் இருந்தால் மட்டும் போதுமா? தொட்டியிலிருந்து நல்ல அழுத்தத்துடன் தண்ணீர் வர வேண்டுமே! இத்தகைய பெட்டி எதுவாயினும், தொலைபேசிக் கம்பி வழியே வரும் இணைப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் பயன்படும்.

நூறு பேருக்கு எத்தனை?

மண்ணூர் ஆலைக்குத் திரும்புவோம். நூறு பேருக்கு நூறு செயலிகள் வேண்டாமா?

விரைவாகத் தட்டச்சு செய்பவர் விநாடிக்கு ஐந்து எழுத்துகள் அடிக்கக்கூடும். ஓர் எழுத்தை வாங்கித் திரையில் எழுத, செயலிக்கு விநாடியில் ஆயிரத்தில் சில பங்கே தேவை. மீதி நேரமெல்லாம் செயலி சும்மா இருக்கிறது. எல்லா வேலைகளையும் சேர்த்து, ஒருவருக்குச் செயலி தேவைப்படும் நேரம் 100-இல் 5 பங்கு என்று கொள்வோம். எனில் 100 பேரில், எந்த ஒரு கணத்திலும் சராசரியாக 5 பேருக்கே அது தேவைப்படும்.

சராசரி 5 என்பதற்காக 5 செயலிகளை வைத்தால் போதாது. சில சமயம் 7 பேர், சில சமயம் 9 பேர் ஒருங்கே கேட்கலாம். இங்கே நீங்கள் படித்த திட்ட விலக்கம் உதவிக்கு வருகிறது. ஒவ்வொருவரும் மற்றவரைப் பொறுத்திராமல் வேலை செய்தால், திட்ட விலக்கம் √(100 × 0.05 × 0.95), அதாவது ஏறத்தாழ 2.2. சராசரியுடன் இதைப் போல் மூன்று மடங்கைக் கூட்டினால் 11.6. ஆகவே 12 செயலிப் பிரிவுகள் இருந்தால், அவை போதாமற்போகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றிரண்டே! நூறுக்குப் பன்னிரண்டு, எவ்வளவு பெரிய சிக்கனம்!

ஆனால் அவசரப்பட்டு மகிழ்ந்துவிடக் கூடாது. இரண்டு எச்சரிக்கைகள் உண்டு.

முதலாவது: செயலியின் நேரத்தைப் பகிரலாம், நினைவகத்தை அவ்வளவு எளிதில் பகிர முடியாது. ஒருவர் சும்மா இருக்கும்போதும் அவருடைய கோப்பு நினைவகத்தில் இடம்பிடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆளுக்கு 4 கிகாபைட் என்றால் 100 பேருக்கு 400 கிகாபைட். பொதுவான பகுதிகளை ஒரே பிரதியாக வைத்துச் சிறிது மிச்சம் பிடிக்கலாம், அவ்வளவே.

இரண்டாவது: ‘ஒருவரை ஒருவர் பொறுத்திராமல்’ என்று சொன்னோம் அல்லவா? காலை 9 மணிக்கு அலுவலகம் தொடங்குகிறது. நூறு பேரும் ஒரே நேரத்தில் கணிப்பொறியைத் தொடங்குகிறார்கள். தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தது போல ஆகிவிடும்! மேலே போட்ட கணக்கு அந்தப் பத்து நிமிடத்திற்குப் பொருந்தாது. எனவே நல்ல பொறியாளர், மெய்நிகர் கணிப்பொறிகளை 8.30 மணியிலிருந்தே பகுதி பகுதியாகத் தொடங்கி ஆயத்தமாக வைத்துவிடுவார். சராசரி நிகழ்தகவை நம்பி அமைப்பவர், அந்தக் கணக்கு எந்த நிபந்தனையில் மெய்யாகும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

எவ்வளவு தொலைவில் வைக்கலாம்?

இனி இயற்பியலுக்கு வருவோம். மையம் எவ்வளவு தொலைவில் இருக்கலாம்?

நீங்கள் ‘அ’ என்று தட்டினால், அச்செய்தி மையத்திற்குப் போக வேண்டும். அங்கிருந்து ‘அ’ என்னும் படம் திரும்பி வர வேண்டும். செய்தி ஒளியாக ஒளியிழை வழியே செல்கிறது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5. ஆகவே இழையில் ஒளியின் வேகம் 3 இலட்சம் ÷ 1.5, அதாவது விநாடிக்கு 2 இலட்சம் கிலோமீட்டர். இதைவிட விரைவாக அவ்விழையில் ஒளி செல்ல முடியாது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் வாங்க முடியாத வேகம் அது!

மண்ணூரிலிருந்து 40 கி.மீ. இழைத் தொலைவில், சென்னையில் மையம் இருந்தால், போய்வர 80 கி.மீ.; காலம் 0.4 மில்லி விநாடி. 1,300 கி.மீ. தொலைவில், மும்பையில் இருந்தால், 13 மில்லி விநாடி. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்து 2002-இல் இயங்கத் தொடங்கிய ‘ஐ2ஐ’ கடலடி வடத்தின் நீளம் சுமார் 3,200 கி.மீ.; அதில் போய்வர 32 மில்லி விநாடி. வழியிலுள்ள கருவிகள் எடுத்துக்கொள்ளும் காலம் இவற்றுடன் கூடும். செய்கைக்கும் விளைவுக்கும் இடையே விநாடியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 மில்லி விநாடி கடந்துவிட்டால், பொறி நம் கைக்கு உடனே இணங்கவில்லை என்ற உணர்வு பிறந்துவிடும்.

36,000 கி.மீ. உயரத்தில் உள்ள புவிநிலைத் துணைக்கோள் வழியாக இணைத்தால் என்ன ஆகும்? செய்தி மேலே ஏறி இறங்க வேண்டும். விடையும் மேலே ஏறி இறங்க வேண்டும். மொத்தம் 1,44,000 கி.மீ. வெளியில் ஒளியின் வேகம் 3 இலட்சம் கி.மீ.; ஆகவே 0.48 விநாடி. தட்டிய எழுத்து அரை விநாடி கழித்துத் தோன்றினால் யாரால் வேலை செய்ய முடியும்?

வேகம் மட்டுமன்று, செய்தியின் அளவும் முக்கியம். 1920 × 1080 புள்ளிகள் கொண்ட திரையில் ஒரு புள்ளியின் நிறத்தைச் சொல்ல 24 பிட்டுகள் தேவை. ஒரு முழுப் படத்திற்கு ஏறத்தாழ 5 கோடி பிட்டுகள். விநாடிக்கு 60 படங்கள் என்றால் 300 கோடி பிட்டுகள்! நூறு பேருக்கு இப்படி அனுப்பினால் எந்த ஆலையின் இணைப்பும் திணறிவிடும். எனவே மாறிய பகுதியை மட்டுமே அனுப்புகிறார்கள். ஓர் எழுத்து அடித்தால் மாறுவது 10 × 20 புள்ளிகள் கொண்ட சிறு கட்டம். அதற்கு 4,800 பிட்டுகள் போதும். முழுத் திரையில் அது பதினாயிரத்தில் ஒரு பங்கு. கணக்கெழுதுபவருக்கு இவ்வமைப்பு நன்கு பொருந்துவதற்கும், ஓயாமல் அசையும் முப்பரிமாண வரைபடங்களைச் சுழற்றிப் பார்க்கும் வடிவமைப்பாளருக்குச் சிரமமாக இருப்பதற்கும் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும்.

ஆலையில் பற்றவைக்கும் இயந்திரக் கை போன்றவற்றின் நிலை என்ன? அது நொடிப்பொழுதைப் பலவாகப் பகுத்து முடிவெடுக்க வேண்டியது. அதன் கட்டுப்பாட்டுக் கருவி அருகிலேயே இருப்பதுதான் நல்லது.

ஒரே மூலம்: வரமும் கவலையும்

இப்போது தொடக்கத்தில் கண்ட சிக்கலைப் பாருங்கள். மெய்நிகர் அமைப்பில், விண்டோஸ் போன்ற இயக்க அமைப்பின் மூலப்பிரதி ஒன்று மையத்தில் இருக்கும். திருத்தத்தை அதில் ஒருமுறை பொருத்தினால் போதும். மறுநாள் காலை அந்த மூலத்திலிருந்து தொடங்கும் நூறு கணிப்பொறிகளும் திருத்தம் பெற்றவையாகவே எழும். 33 மணி நேர வேலை ஒரு மணியில் முடியலாம். முனையப் பெட்டி திருடு போனால், போவது பெட்டி மட்டுமே. கோப்புகள் மையத்தில் பத்திரமாக இருக்கும். 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, இவ்வமைப்பை ஏற்கெனவே வைத்திருந்த அலுவலகங்கள், ஊழியரின் ‘மேசையை’ வீட்டுத் திரைக்கே அனுப்ப முடிந்தது.

அதே காரணத்தால் கவலையும் உண்டு. மூலத்தில் பிழை நுழைந்தால் நூறிலும் நுழையும். 2024 ஜூலை 19 அன்று, கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பினால், உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் விமானம் ஏறும் அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஒரே இடத்திலிருந்து எல்லோருக்கும் ஒன்றை அனுப்பும் ஆற்றலுக்கு, ஒரே இடத்திலிருந்து எல்லோரையும் நிறுத்தும் ஆற்றலும் உண்டு என்பதை அந்த நாள் காட்டியது. ஆகவே முதலில் ஐந்து கணிப்பொறிகளில் பொருத்திப் பார்க்க வேண்டும். பழைய மூலப்பிரதியை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். பிழை தெரிந்தால் நேற்றைய பிரதிக்கே திரும்பிவிடலாம். மெய்நிகர் அமைப்பில் இவ்வாறு திரும்புவது எளிது.

இணைப்பு அறுந்தால்? 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் தொலைபேசியும் இணையமும் செயலிழந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சாலை தோண்டும் ஓர் இயந்திரமும் ஒளியிழையை அறுத்துவிடக்கூடும். எனவே கவனமுள்ள ஆலை, வெவ்வேறு வழியாக வரும் இரண்டு இணைப்புகளை வைத்திருக்கும். அல்லது மையத்தைத் தன் வளாகத்திற்குள்ளேயே வைத்துக்கொள்ளும்.

ஆகவே, ‘மேசையில் வைப்பது நல்லதா, மையத்தில் வைப்பது நல்லதா?’ என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. கண்ணுக்கும் கைக்கும் வேண்டியது அருகில் இருக்க வேண்டும். பொதுவாகப் பாதுகாக்க வேண்டியது ஓரிடத்தில் இருக்கலாம். இடையேயுள்ள தொலைவை ஒளியின் வேகமும், பகிர்வின் எல்லையை நிகழ்தகவும் முடிவு செய்கின்றன. இவ்விரண்டையும் கணக்கிட்டு அமைப்பவருக்கே மெய்நிகர் கணிப்பொறி மெய்யாகப் பயன்படும்.

செய்து பாருங்கள்

1. நண்பர் ஓர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்து, சொல்லாமல் கைவிடட்டும். நீங்கள் விரல்களால் பிடியுங்கள். 20 செ.மீ. விழுந்திருந்தால், s = ½gt² என்ற வாய்பாட்டின்படி நீங்கள் எடுத்த காலம் ஏறத்தாழ 0.2 விநாடி. துணைக்கோள் இணைப்பின் 0.48 விநாடியில் அளவுகோல் எவ்வளவு தூரம் விழும்? (விடை: ஏறத்தாழ 1.13 மீட்டர்.)

2. 400 பேர் உள்ள அலுவலகத்தில் ஒவ்வொருவருக்கும் 100-இல் 5 பங்கு நேரம் செயலி தேவை. மேற்கண்ட முறைப்படி எத்தனை பிரிவுகள் வேண்டும்? ஆட்கள் நான்கு மடங்கானால் பிரிவுகளும் நான்கு மடங்காக வேண்டுமா? (விடை: ஏறத்தாழ 33, நான்கு மடங்கு வேண்டாம்.) ஏன் என்று சிந்தியுங்கள்.

3. உங்கள் பள்ளிக் கணிப்பொறி ஆய்வகத்தைப் பாருங்கள். ஒவ்வொரு திரைக்கும் ஒரு முழுப் பெட்டி இருக்கிறதா? அல்லது சிறு முனையங்கள் பல, ஒரே மையத்துடன் இணைக்கப்பட்டுள்ளனவா? மையம் நின்றால் எத்தனை திரைகள் அணையும் என்று உங்கள் ஆசிரியரைக் கேட்டு அறியுங்கள்.